பதினொரு பேரின் மூச்சு

ராஜபாளையம்
8.9.2024

அன்பு மகள் ரெனிட்டாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே குளிர் உன்னை என்ன செய்கிறது, சோறு கிடைக்கிறதா, ரொட்டியைத் தின்றே காலம் தள்ளுகிறாயா என்பதை ஒளிக்காமல் எழுதவும்.

போன் கையில் இருக்க இந்த மனுஷன் காகிதத்தில் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறாரே என்று நீ சிரிப்பாய். நீ கூப்பிடும் நேரம் நான் ஷிப்டில் இருக்கிறேன், நான் கூப்பிடும் நேரம் நீ வகுப்பில் இருக்கிறாய். அதோடு ஒன்பதாவதில் நான் பாஸானது தமிழ் ஒன்றில்தான். அந்தத் திறமையை உலகத்துக்குக் காட்ட இதுவரை வாய்ப்பே வரவில்லை.

நீ படிக்கிற படிப்பை மில்லில் விளக்கிச் சொல்வதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. வேலை செய்கிற இடத்துத் தூசியும் புகையும் மனுஷனை என்ன செய்கிறது என்று ஆராயப் பழக்குகிற படிப்பு, நம்மைப் போன்ற ஏழை நாட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு நார்வேக்காரர்கள் ஒரு வருஷம் சொல்லித் தருகிறார்கள் என்றேன். பால்சாமி என்ன சொன்னான் தெரியுமா?

"ஏலே ராசு, தூசியப் படிக்க அம்புட்டுத் தூரம் எதுக்குலே போகணும்? நம்ம ப்ளோ ரூம்ல ஒரு வாரம் நிக்கச் சொல்லு. பட்டத்த நாமளே குடுத்துருவோம்."

இருபத்தொன்பது வருஷம் என்னோடு பஞ்சுப் பேலைப் பிரித்துப் போட்டவன் பேச்சு அப்படித்தான் இருக்கும். ஆனால் உன் ஆராய்ச்சிக்கு முதல் ஆளாகப் பேர் கொடுத்தவனும் அவன்தான். சர்ச் மண்டபத்தை ஞாயிறு மதியம் தருவதாகப் போதகர் ஐயர் சொல்லிவிட்டார். மற்ற விவரம் எழுது.

உன் அம்மா படத்துக்கு நேற்று கண்ணாடி துடைத்தேன். அவள் இருந்திருந்தால் இந்நேரம் உன் வெளிநாட்டுப் பெருமையில் தெருவில் ஒருத்தரையும் விட்டிருக்கமாட்டாள்.

அன்புள்ள அப்பா,
கிறிஸ்துராஜ்

பெர்கன், நார்வே
15.9.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். குளிர் இன்னும் வரவில்லை, மழைதான் நிற்கவில்லை. நீங்கள் நலமா? போனை ஏன் எடுப்பதே இல்லை? போகும்போது உங்களுக்கு இருமல் இருந்ததே, டாக்டரிடம் போனீர்களா?

வகுப்பில் பதினான்கு பேர். எத்தியோப்பியாக்காரி காபிக்கொட்டைத் தூசியை ஆராய்கிறாள். நேபாளத்துப் பையன் செங்கல் சூளை. நான் பஞ்சு. அவரவர் ஊரிலிருந்து அளந்து வாங்கிய கணக்கை வைத்துத்தான் ஒவ்வொருவரும் ஆய்வு எழுத வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். கல்லூரியிலிருந்து நாகஜோதி என்ற பெண் மூச்சளக்கும் கருவியோடு வருவாள். எண்பது தொழிலாளர் வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க மில் ஆபீஸ் ஆட்கள் கொஞ்சப் பேரும் அதில் அடக்கம். யார் பேரும் எழுதக் கூடாது. ஆளுக்கு ஒரு நம்பர் அட்டை. யாருக்கு நெஞ்சு கெட்டிருக்கிறது என்று மில் கண்டுபிடித்து வேலையை விட்டு அனுப்பிவிடக் கூடாதல்லவா, அதற்காக. மானேஜர் பாண்டிதுரை சார் அனுமதி கொடுத்துவிட்டார். முடிவை ஒரு பக்கத்தில் மில்லுக்கும் எழுதித் தர வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை.

பால்சாமி மாமாவின் நஷ்டஈட்டு மனுவைத் தொழிலாளர் அலுவலகம் திருப்பி அனுப்பியது நினைவிருக்கிறதா? 'பஞ்சுத் தூசியால் வந்த நோய் என்பதற்கு ஆதாரம் இல்லை' என்று எழுதியிருந்தார்கள். அந்த ஆதாரம்தான் இது. இது சரியாக வந்தால் மாமாவுக்கு வழி பிறக்கும். தூசி உறிஞ்சும் இயந்திரம் வாங்க மில்லும் யோசிக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்,
ரெனிட்டா

ராஜபாளையம்
7.10.2024

அன்பு மகளுக்கு ஆசீர்வாதம். நான் சுகம், உன் சுகத்துக்கு எழுது. நிற்காமல் பெய்கிற மழையில் கொஞ்சம் பார்சல் பண்ணு. வத்திராயிருப்புக் கண்மாயில் ஆடு மேய்கிறது.

மூன்று ஞாயிறும் மண்டபத்தில் ஒரே திருவிழா. நாகஜோதி இருக்கிறாளே, பார்க்க வெடவெடவென்று இருக்கிறாள், சத்தம் மட்டும் சங்கு மாதிரி. மூக்கில் கிளிப்பை மாட்டி, வாயில் குழாயைக் கொடுத்து, "ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க! விடாதீங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்!" என்று கத்துகிறாள். தெருவில் போன ஒரு கிழவி உள்ளே எட்டிப் பார்த்து, "புள்ள பொறந்துருச்சாய்யா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஆறு விநாடி ஒரே மூச்சாக ஊத வேண்டுமாம். மூன்று தடவை. நடுவில் இருமினால் பெட்டியில் சிவப்பு விளக்கு. பால்சாமி முதல் தடவை இரண்டு எண்ணுவதற்குள் இருமி, கண்ணில் தண்ணீர் வந்து, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

"இது செல்லாது ஐயா" என்றாள் நாகஜோதி.

"வோட்டர் லிஸ்ட்லயும் எம்பேரு இல்ல. இப்ப மூச்சும் செல்லாதா தாயி?" என்றான். மண்டபமே சிரித்தது. அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கே இன்னும் பத்து நிமிஷம் இருமினான்.

எண்பது பேரில் அறுபத்தொன்பது பேருக்குச் சரியாக வந்தது. பதினொரு பேருக்குச் சிவப்பு. எல்லாம் தூசி அதிகமாகப் பறக்கிற ப்ளோ ரூம், கார்டிங் பழைய ஆட்கள். என்னைக் கேட்கிறாயா? நானும்தான் ஊதினேன். அதில் எழுத என்ன இருக்கிறது, ஊதியது ஊதியதுதான்.

மண்டபம் மாடியில் இருப்பது உனக்குத் தெரியும். எட்டுப் படிக்கு ஒரு தடவை நின்று ஊரைப் பார்த்தேன். இப்போதெல்லாம் நான் ஊரை அடிக்கடி பார்க்கிறேன். ஊர் நன்றாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
கிறிஸ்துராஜ்

பெர்கன்
12.10.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலமாயிருக்க ஜெபிக்கிறேன்.

அவசரமாக எழுதுகிறேன். அறுபத்தொன்பது போதாது. எண்பது இல்லாமல் ஆய்வை ஏற்கமாட்டோம் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். நவம்பர் பத்துக்குள் கணக்கு வராவிட்டால் என்னை எத்தியோப்பியாக்காரியின் காபி ஆய்வோடு சேர்த்துவிடுவார்கள். அப்படியானால் இத்தனை பாடும் வீண். நம் மில்லைப் பற்றி ஒரு வரிகூட வெளியே வராது.

புதிதாக ஆள் சேர்க்க அனுமதி இல்லை. எப்படியாவது அந்தப் பதினொரு பேரையும் நன்றாக ஊத வையுங்கள் அப்பா. உங்களால் முடியும். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

ரெனிட்டா

ராஜபாளையம்
11.11.2024

என் அருமை மகளுக்கு,

சுகம், சுகம், சுகம். உன் சுகத்தைப் பற்றிக் கேட்கக்கூடப் பொறுமை இல்லை, அவ்வளவு சந்தோஷச் செய்தி. எண்பதும் ஆகிவிட்டது! நேற்று பதினொரு அட்டைக்கும் பச்சை விளக்கு. ஒரு சிவப்புக்கூட இல்லை.

நாகஜோதி தன் அக்கா கல்யாணத்துக்குப் போய்விட்டாள். அவளுக்குப் பதிலாகப் புதிதாக இரண்டு மாணவர்கள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள். அட்டையைப் பார்த்தார்கள், நம்பரை எழுதினார்கள், முகத்தைப் பார்க்கவில்லை. பேர் கேட்கக் கூடாது என்று நீதானே சட்டம் போட்டிருக்கிறாய்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து உன் ஞானரத்தினம் மாமாவும் வந்திருந்தான், அவன் பேண்டு செட்டிலிருந்து இன்னும் மூன்று பேரோடு. எதற்கு வந்தார்கள் என்று கேட்காதே. ஒத்தாசைக்கு வந்தார்கள். எல்லாரும் ஐம்பது, ஐம்பத்தைந்து வயசுக்காரர்கள், எங்கள் வயசுதான். முப்பது வருஷமாகக் கல்யாண ஊர்வலத்திலும் சாவு ஊர்வலத்திலும் டிரம்பெட் ஊதுகிற நெஞ்சு! வேலை முடிந்ததும் நாலு பேருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். உன் மாமா இரண்டு பொட்டலம் தின்றுவிட்டு, "மச்சான், நம்ம புள்ள பாஸாயிருவால்ல?" என்று கேட்டான். பாஸ் என்ன, முதல் மார்க் என்றேன்.

நீ காபிக்கொட்டைப் பக்கம் போக வேண்டாம். பஞ்சிலேயே இரு.

சந்தோஷத்துடன்,
அப்பா

பெர்கன்
19.1.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கிறிஸ்மஸுக்கும் புத்தாண்டுக்கும் எழுதவில்லை, மன்னியுங்கள். கணக்குப் போடும் வேலை. உங்கள் உடம்பு எப்படி? இரண்டு தடவை கூப்பிட்டேன், மணி அடித்து நின்றுவிட்டது.

முடிவு வந்துவிட்டது. நான் எதிர்பார்த்ததற்கு நேர் எதிராக இருக்கிறது. இருபத்தைந்து வருஷம் பஞ்சில் நின்றவர்களின் நுரையீரல் மில் ஆபீசில் உட்கார்ந்திருப்பவர்களைவிட நன்றாக இருக்கிறது. என் பேராசிரியருக்கு ஆச்சரியம். நோயாளிகள் எல்லாம் ஏற்கெனவே வேலையை விட்டுப் போயிருப்பார்கள், திடமானவர்கள் மட்டும் மிஞ்சியிருப்பார்கள், பல நாடுகளில் இப்படி நடப்பதுண்டு என்றார். அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

சொன்னபடி மில்லுக்கு ஒரு பக்கம் அனுப்பிவிட்டேன்.

ஞானரத்தினம் மாமா நலமா? இன்னும் டிரம்பெட் ஊதுகிறாரா?

உங்கள்,
ரெனிட்டா

ராஜபாளையம்
3.2.2025

அன்பு மகளுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். நான் இருக்கிறேன். நீ நன்றாக இரு.

உன் ஒரு பக்கம் மில்லுக்கு வந்து சேர்ந்தது. தமிழில் மாற்றி, பெரிதாக அச்சடித்து, நோட்டீஸ் போர்டில் ஒட்டி, ஆயுத பூஜைக்குப் போடுகிற மாதிரி ஒரு மாலையும் போட்டிருக்கிறார்கள். கீழே உன் பேர். அதைப் பார்த்ததும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், ஐந்து நிமிஷம் பெருமையாக இருந்தது.

பிறகு பாண்டிதுரை சார் கூப்பிட்டு அனுப்பினார். "கிறிஸ்துராஜ், தூசி உறிஞ்சுற மிஷினு வேணும், வேணும்னு யூனியன்ல குதிச்சீங்களே. இப்ப ஒம் மகளே எழுதிட்டாளே, எல்லாருக்கும் நெஞ்சு இரும்பா இருக்குன்னு. அந்தக் காசுக்கு ஆபீசுக்கு ஏசி போட்டுக்கிடலாம்ல?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மானேஜர் சிரித்தால் சிரிப்பது எங்கள் வேலையில் ஒரு பகுதி.

பால்சாமி வேலைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. மகாராஜபுரத்தில் வீட்டோடு கிடக்கிறான். ஸ்ரீவில்லிபுத்தூர் போய் பஸ் மாறிப் போய்ப் பார்த்தேன். மல்லாக்கப் படுக்க முடியவில்லை, தலையணையைக் கட்டிப் பிடித்து உட்கார்ந்தே தூங்குகிறான். அவன் பெண்சாதி பெத்தம்மாள் மறுபடி மனுப் போட்டிருந்தாள். அதுவும் திரும்பி வந்துவிட்டது. இந்தத் தடவை காரணம் புதிது. மில் எடுத்துக் கொடுத்த உன் ஆய்வின் பேரையும் தேதியையும் போட்டு, 'மேற்படி ஆலையில் அத்தகைய பாதிப்பு இல்லை என்று தெரிய வருகிறது' என்று எழுதியிருக்கிறார்கள்.

"ஏலே, நம்ம புள்ள பேரு கவர்மெண்ட் காயிதத்துல வந்துருக்குலே" என்றான் பால்சாமி. திட்டுகிறானா, வாழ்த்துகிறானா என்று தெரியவில்லை. கேட்கவும் பயம்.

உன் மாமா நலமாக இருக்கிறான். ஊதுகிறான்.

கிறிஸ்துராஜ்

ராஜபாளையம்
5.3.2025

ரெனிட்டா,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பரவாயில்லை. இதைப் படித்துவிட்டாவது எழுது.

பால்சாமி பிப்ரவரி இருபத்தாறாம் தேதி காலையில் இறந்துவிட்டான். ஊர்வலத்துக்கு உன் மாமா பேண்டு செட்டைத்தான் பெத்தம்மாள் கேட்டாள். வாயில் புண், வர முடியாது என்று சொல்லிவிட்டான். புண் வாயில் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு பெத்தம்மாள் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. "அண்ணே, ஒண்ணு கேக்கேன். இவுக நெஞ்சு நல்லா இருக்குன்னு ஒங்க மக எழுதிட்டா. படிச்ச புள்ள தப்பா எழுதாது. பொறவு இவுக ஏன்ணே செத்தாக?"

அதற்கு அவளிடம் சொன்ன பதிலைத்தான் உனக்கும் எழுதுகிறேன்.

நவம்பரில் அந்தப் பதினொரு பேர் ஊதவே இல்லை. உன் மாமாவும் அவன் ஆட்களும் ஊதினார்கள். அட்டையை வாங்கி, நாலு பேரும் மாற்றி மாற்றிப் போய் ஊதினார்கள். பால்சாமி அட்டைக்கு ஊதியது உன் மாமா. அதற்கு முன்னால் நாங்கள் வந்து வந்து ஊதிப் பார்த்தோம், இருமல்தான் வந்தது, சிவப்புதான் எரிந்தது. நீயோ எண்பது இல்லையென்றால் எல்லாம் வீண் என்று எழுதியிருந்தாய். எனக்குத் தெரிந்த பரீட்சையெல்லாம் பாஸ், பெயில் பரீட்சை. சிவப்பு விழுந்தால் நீ பெயில், பச்சை விழுந்தால் பாஸ் என்று நினைத்தேன். எங்களால் ஊத முடியவில்லை என்பதுதான் நீ தேடிய விடை என்று இந்த மண்டைக்கு எட்டவில்லை. மில் எங்களை ஏமாற்றியிருந்தால் யூனியன் கொடி பிடித்திருப்பேன். நானே ஏமாற்றியிருக்கிறேன், எந்தக் கொடியைப் பிடிக்க?

பால்சாமிக்கு விருப்பமே இல்லை. "எம் மூச்ச வேற ஒருத்தன் விடுறதா?" என்றான். "நம்ம புள்ளைக்காக" என்றேன். அட்டையைக் கொடுத்துவிட்டான்.

இன்னொன்று. பதினோராவது அட்டை, முப்பத்துநாலாம் நம்பர், என்னுடையது. நான் போனை எடுக்காததற்கு ஷிப்டு காரணமில்லை. நாலு வார்த்தைக்கு ஒரு தடவை இருமுவேன், நீ பயந்து படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுவாய்.

பெத்தம்மாள் மேல்முறையீடு செய்ய ஏப்ரல் முப்பது வரை நேரம் இருக்கிறது. தொழிலாளர் ஆபீசில் போய் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப் போகிறேன். நீ என்ன சொல்கிறாய்?

அப்பா

பெர்கன்
28.3.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

பால்சாமி மாமாவின் செய்தி கேட்டு மூன்று நாள் எதுவும் செய்ய முடியவில்லை. நீங்கள் உடனே நெஞ்சு டாக்டரிடம் போங்கள். இது முதல் வேலை.

நீங்கள் உண்மையைச் சொல்லிவிட்டீர்கள், நானும் சொல்கிறேன். எனக்கு ஜனவரியிலேயே தெரியும். ஒவ்வொருவரும் ஊதும்போது கருவி ஒரு கோடு வரைகிறது. கையெழுத்து மாதிரி, ஒருவர் கோடு இன்னொருவருக்கு வராது. அந்தப் பதினொரு கோடுகளும் நாலு பேர் கையெழுத்து. அதைப் பார்த்தேன். ஞானரத்தினம் மாமாவைப் பற்றி உங்களிடம் கேட்டேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

ஜூன் பன்னிரண்டு சான்றிதழ் தருகிறார்கள். அதற்குள் இது வெளியே வந்தால் ஆய்வு ரத்தாகும், நான் வெறுங்கையோடு வருவேன். வெறுங்கையோடு வந்தால் யாருக்கு என்ன செய்ய முடியும்? கொஞ்ச நாள் பொறுங்கள் அப்பா. ஜூன் தாண்டட்டும். பிறகு நானே எழுதிக் கொடுக்கிறேன். பெத்தம்மாள் அத்தையிடம் நான் நேரில் பேசுகிறேன்.

கையெழுத்து மட்டும் இப்போது போடாதீர்கள்.

ரெனிட்டா

ராஜபாளையம்
12.4.2025

அன்பு மகளுக்கு,

சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். டாக்டரிடம் போனேன். படம் எடுத்தார். "எத்தனை வருஷமா சிகரெட்?" என்றார். ஒன்றுகூடப் பிடித்ததில்லை என்றேன். நம்பவில்லை. பிடித்திருந்தாலாவது ஒரு சுகம் கண்டிருக்கலாம்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். புதன்கிழமை. பிறந்ததிலிருந்து நீ சொல்லி நான் தட்டியது இது ஒன்றுதான். உன் பேரை எங்கும் எழுதவில்லை, 'நானே என் சொந்தப் புத்தியில் செய்தேன்' என்றுதான் எழுதியிருக்கிறேன். அதில் சொந்தப் புத்தி என்ற வார்த்தைக்கே நான் கூச்சப்பட்டேன்.

ஆபீசில் இருந்த அதிகாரி சின்ன வயசு. கிருஷ்ணன்கோவிலில் என்ஜினியரிங் படித்துவிட்டுப் பரீட்சை எழுதி இந்த வேலைக்கு வந்தவராம். மரியாதையாகத்தான் பேசினார்.

"பொய் சொன்னேன்னு நீங்களே எழுதிருக்கீங்க. சரி. அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க?"

"இப்ப ஊதிக் காட்டுறேன் சார்."

"நீங்க ஊதி, செத்தவருக்கு எப்படிங்க ஆதாரம் ஆகும்?" என்றார். பிறகு அவரே வழியும் சொன்னார். "ஆய்வு செஞ்சவங்க ஒரு லெட்டர் தரட்டும். இந்தப் பதினொண்ணும் செல்லாதுன்னு ரெண்டு வரி போதும். முப்பதாம் தேதி சாயங்காலத்துக்குள்ள வந்துறணும்."

கேள்வி சரியானது. அது சரி என்று புரிகிற அளவுக்கு ஒன்பதாவது போதும்.

மில்லில் எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். விசாரணை முடியும் வரை உள்ளே வரக் கூடாதாம். மற்ற ஒன்பது பேரும் என்னோடு பேசுவதில்லை. அட்டை யாருடையது என்று விசாரணையில் கேட்பார்களே என்ற பயம். நான் சொல்லமாட்டேன் என்று சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்கள். அதுவும் சரிதான், என் வாக்குக்கு இப்போது அவ்வளவு மதிப்பு.

இரண்டு வரி, ரெனிட்டா. நீ பெயிலானாலும் நான் உன்னை வீட்டில் சேர்த்துக்கொள்வேன். நானே நாலு பாடத்தில் பெயிலானவன்.

அப்பா

பெர்கன்
14.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா? மருந்தைச் சரியாகச் சாப்பிடுகிறீர்களா? நான் நலம்.

கேட்ட கடிதத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். பல்கலைக்கழக முத்திரையோடு, என் கையெழுத்தோடு இருக்கிறது. பதினொரு அளவீடுகளும் செல்லாதவை என்றும், அவற்றை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்றும் தெளிவாக எழுதியிருக்கிறேன். தொழிலாளர் அலுவலகத்துக்கும் மில்லுக்கும் நேற்று தனித்தனியாக மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன்.

ஆய்விலிருந்தும் அந்தப் பதினொன்றை 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்று சொல்லி எடுத்தாயிற்று. அறுபத்தொன்பதோடு ஏற்றுக்கொண்டார்கள். அறுபத்தொன்பதையும் ஏற்றுக்கொள்வார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது அப்பா. நான் கேட்டுப் பார்க்கவில்லை.

நேற்று முன்தினம் சான்றிதழ் கொடுத்தார்கள். இங்கேயே மூன்று வருஷம் மேல்படிப்பு தருவதாகச் சொல்கிறார்கள். இன்னும் பதில் சொல்லவில்லை.

பெத்தம்மாள் அத்தையிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுங்கள்.

ரெனிட்டா

ராஜபாளையம்
22.6.2025

அன்பு மகள் ரெனிட்டாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சான்றிதழ் வாங்கியதில் மிகவும் சந்தோஷம். போட்டோவில் கொஞ்சம் இளைத்துத் தெரிகிறாய். நேரத்துக்குச் சாப்பிடு.

அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். அந்தச் சின்ன வயசு அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர் உன் கடிதத்தைப் பிரிண்டு எடுத்துக் கோப்பில் வைத்திருக்கிறார். "நல்ல தெளிவான லெட்டர். முடிஞ்ச கேசுல இத எங்கங்க சேர்க்க?" என்று என்னையே கேட்டார். மில் நோட்டீஸ் போர்டில் உன் பழைய பக்கம் அப்படியே இருக்கிறதாம். மாலையை மட்டும் எடுத்துவிட்டார்களாம். என் விசாரணையும் முடிந்து கணக்கைத் தீர்த்துவிட்டார்கள். இனி தூசி இல்லை, அது ஒரு லாபம்.

நீ சொன்னபடி, நேற்று பெத்தம்மாளுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். இங்கிலீஷில் இருந்ததை எழுத்துக் கூட்டி, எனக்குத் தெரிந்த அளவு தமிழில் சொன்னேன். முழுவதும் கேட்டாள். புருஷன் பேர் வருகிறதா என்று கேட்டாள். நம்பர்தான் வருகிறது, ஏழாம் நம்பர் உன் புருஷன் என்று விரல் வைத்துக் காட்டினேன். அந்த எழுத்தின் மேல் அவளும் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"இதுல தேதி என்னண்ணே போட்டுருக்கு?"

காகிதத்தின் தலையில் ஜூன் பதின்மூன்று என்றுதான் இருக்கிறது. அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"ஏப்ரல் இருவத்தெட்டு" என்றேன்.

"அப்ப புள்ள நேரத்துக்குத்தான் குடுத்துருக்கா. ஆபீஸ்காரப் பயதான் அமுக்கிட்டான். அவன் வெளங்குவானா?" என்று எழுந்து நின்று மண்ணை வாரித் தூற்றினாள். மாற்றலாகிப் போன அந்தப் பையனை நானும் கூடச் சேர்ந்து இரண்டு வார்த்தை திட்டினேன். அவர் ஒருத்தர்தான் எங்களுக்கு வழி சொன்னவர்.

இப்படி ஒருத்தர் கணக்கை இன்னொருத்தர் தலையில் ஏற்றுவதில் எனக்குக் கை நன்றாகப் பழகிவிட்டது.

கிளம்பும்போது பெத்தம்மாள், "புள்ள எப்ப வருதாம்? வந்தா நம்ம வீட்டுல ஒருநேரம் கை நனைச்சுட்டுத்தான் போகணும்னு சொல்லுங்கண்ணே. அவுக இருந்திருந்தா ஆட்டுக்கறி எடுத்திருப்பாக, நான் கோழியாவது அடிப்பேன்" என்றாள்.

வருகிறாள் என்று சொல்லவா, மூன்று வருஷம் ஆகும் என்று சொல்லவா? இந்த ஒன்றுக்கு மட்டும் நானாக ஒரு பதிலைச் சொல்லிவிட முடியவில்லை. நீயே எழுது.

உன் அப்பா,
கிறிஸ்துராஜ்